பாதி விழும் ழகரம்

கச்சேரி வாசலுக்கு எதிரே
ஒரு மேசை, ஒரு குடை, என் தட்டச்சு.
'ழ' மட்டும் பாதிதான் விழும்.
யாழ்ப்பாணம் என்று அடிக்கும்போதெல்லாம்
மிச்சத்தைப் பேனையால் இழுத்துவிடுவேன்.

வைகாசி வெயில், பதினொரு மணி.
அந்த ஆள் குனிந்து குடைக்குள் வந்தார்.
முன்பல் மூன்று இல்லை.
கூட ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, டிலக்சிகா,
ஹொக்கி அணியின் கோல் கீப்பர்,
முழங்காலில் ஊதா மருந்து.
"அங்கிள், இவர் எங்கட கோச்.
வலயத்துக்குக் குடுக்க விண்ணப்பம் வேணும்.
தமிழில. மூண்டு பிரதி."

பெயர்: ஓஸ்தாப் கிரிகோரோவிச் மெல்னிச்சுக்.
நடுவில் நிற்பது தகப்பன் பேராம்.
நாங்களும் அப்படித்தான் என்றேன்,
ஆனால் முதலெழுத்தோடு விட்டுவிடுவோம்.

தொழில் என்ற சொல்லே பாதிதான் விழுந்தது.
பனித்தரை ஹொக்கி என்றாள் பிள்ளை.
சப்பாத்துக்குக் கீழே கத்தி கட்டி
ரப்பர் வட்டொன்றைத் தடியால் விரட்டுவது.
கைபேசியில் காட்டினாள்.
நான் பார்த்தது ஆட்களை ஆட்கள்
பலகைச் சுவரில் மோதுவதைத்தான்.

கார்கிவ் நகர ஓரத்தில் ஒரு குளம், வயது ஆறு.
பதினேழில் கீவ் இளையோர் அணி.
பிறகு போலந்தில் நிலக்கரி ஊரொன்று.
பிறகு கசகஸ்தான்.
அங்கே ஒரு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
ஒரு குளிர்சாதனப் பெட்டி கொடுத்தார்களாம்,
வெளியே மைனஸ் நாற்பது.
"பெட்டியையும் அடிக்கவோ?"
"அடிக்கட்டாம், அங்கிள்."

நிலை: பின்வரிசைத் தடுப்பு.
பதினாறு பருவம். கோல்: 9.
ஒரு பூச்சியம் விடுபட்டுப் போச்சோ என்று நிமிர்ந்தேன்.
இல்லை, ஒன்பதுதான்.
தடுத்தது எத்தனை என்றேன்.
தோளைக் குலுக்கினார்.
படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

முழங்கால் இரண்டு தரம், தாடை ஒரு தரம்.
பிறகு கோச்.
கனடாவின் வடக்கே மரம் அறுக்கும் ஊர்,
வலைக்கு முன்னால் நின்றவன்
கொக்குவில் வேரில் வந்த ஆரணன்.
அணி கடைசிக்கு முதல் இடம்.
கோச்சை வீட்டுக்கு அனுப்பிய மாதம்
வீட்டுப் பக்கம் அவர் பழகிய மண்டபத்துக்குக்
கூரை இல்லாமல் போயிருந்தது.
ஆரணனின் தகப்பன் ஒரு திறப்பைக் கையில் வைத்தாராம்:
கொக்குவிலில வீடு சும்மா கிடக்குது,
கிணத்தடியில சாரை இருக்கும்,
ஒண்டும் செய்யாது.

கூரை எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை.
கச்சேரிப் பக்கம் அது யாரும் கேட்கிற கேள்வி இல்லை.

டிலக்சிகா சிரித்துக்கொண்டே சொன்னாள்:
போன கிழமை சேர்
குருநகர் ஐஸ் கொம்பனிக்குள் போய்
ஒரு பாளத்தின் மேல் வெறுங்காலோடு ஏறினாராம்.
குதிக்காலால் தட்டினாராம்.
குந்தியிருந்து காது வைத்தாராம்.
மோசமான ஐஸ், உள்ளே காற்று, என்றாராம்.
மத்தியாஸ் அண்ணைக்கு வந்ததே கோபம்:
"இது பாரை மீனுக்குக் காணும்.
உமக்கில்லை, இறங்கும்!"
கால் சிவக்கும்வரை இறங்கவில்லை.

சான்றிதழ்கள் இணைக்கப்படவேண்டும்.
ஓஸ்தாப் வாயைத் திறந்து காட்டினார்.
இணைப்பு: இல்லை என்று அடித்தேன்.
"முதல் மட்ச்சில பதினொண்டு வாங்கினனாங்கள்,
நேற்று ஏழுதான். அதைப் போடுங்கோ."
போட்டேன். ஏழும் பாதிதான் விழுந்தது.

கடைசி வரி, இடம்.
பேனையை எடுக்க முன்னம் அவரே எடுத்துவிட்டார்.
எழுத்துத் தெரியாத மனிதன்,
வெட்டுப்பட்டு நின்ற அந்தக் கோட்டை மட்டும்
வளைத்து, சறுக்கி, ஒரே மூச்சில் திருப்பினார்.
முதல் பிரதியில் சரி.
இரண்டாவதிலும் பரவாயில்லை.
மூன்றாவதில் வேகம் கூடி
வால் தாளின் விளிம்புக்கே போய் நின்றது.

வலயத்தில் கேட்டால்
தட்டச்சுக்காரன் பிழை என்று சொல்லுங்கோ என்றேன்.