லிட்டருக்குப் பதினான்கு

கியருக்குப் பக்கத்துக் குழியில் ஒரு 555 நோட்டு.
கடன் கணக்கில்லை.
எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டர்,
வகுத்தால் வரும் எண்.
போன தடவை பதிமூன்று புள்ளி எட்டு.
பதினான்கை நான் இன்னும் பார்த்ததில்லை.

குணாளனுக்குச் சிரிப்பு.
அவன் ஓட்டினால் பெடல் ஒரு கரப்பான்பூச்சி.
நான் பொங்கிய மாவின்மேல்
கரண்டியை வைப்பதுபோல் காலை வைப்பேன்.
அமுங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

பூட்டைக் காலிசெய்த ஞாயிறன்று
அவனுடைய பூப்பந்து மட்டைகள் வெளியேறின,
ஜொகூரில் வாங்கி மறந்த பத்துக் கிலோ அரிசி,
யாருடையதென்றே தெரியாத ஒற்றைச் செருப்பு.
செருப்பை மட்டும் திரும்ப உள்ளே வைத்தேன்.
அதற்கென்ன எடை.

காலை ஐந்தே முக்கால்,
சுவா சூ காங், நிறுத்துமிடத்தின் நான்காம் மாடி.
பக்கத்து வண்டியில் ஒருவர்
ஏர்கானைப் போட்டு இஞ்சினை ஓடவிட்டுத் தூங்குகிறார்.
கண்ணாடியைத் தட்டலாமா என்று தினமும் தோன்றும்.
வீட்டில் அவருக்கு என்னவோ.
சரிவில் என் நிசான் தானே உருண்டு இறங்கும்.
நான்கு மாடி இலவசம்.

சந்திப்பில் பச்சை மனிதனுக்குப் பக்கத்தில்
எண்கள் இறங்குகின்றன,
பதினொன்று, பத்து, ஒன்பது.
நடப்பவர்களுக்கு எழுதியதை நானும் படிப்பேன்.
எட்டிப் பிடிக்க முடியாதென்று தெரிந்தால்
அங்கேயே காலை எடுத்துவிடுவேன்.

என் வண்டிக்கும் ஓர் எண் இறங்குகிறது.
சிஓஇ முடிய இருநூற்றுப் பதினான்கு நாள்,
அப்புறம் இரும்புக்கடை.
“சாகப்போகிற வண்டிக்குப் பரீட்சையா?”
என்றான் குணாளன்.
பாஸாகிவிட்டுப் போகட்டுமே.

பைனியர் ரோட்டில் தினமும் ஒரு லாரி
ஹாரனை அழுத்தி என்னைத் தாண்டும்.
தாண்டிப் போய் அடுத்த சிவப்பில் நிற்கும்.
நான் உருண்டு உருண்டு வந்து
அதன் முதுகில் சேர்ந்துகொள்வேன்.
பிரேக் என்பது
காசு கொடுத்து வாங்கியதைத் தரையில் கொட்டுவது.
நோட்டின் பின்னட்டையில் எழுதிவைத்திருக்கிறேன்.

லாரியின் பின்னால் பதினைந்து பேர்.
அது நிற்கும்போது
பதினைந்து பேரும் ஒரே பக்கம் சாய்ந்து
ஒரே நேரத்தில் நிமிர்கிறார்கள்.
ஒரு கை கம்பியைத் தேடுகிறது.
ஒரு பொட்டலம் மடியிலிருந்து நழுவி
இன்னொருவன் காலடிக்குப் போகிறது.
இதை எதால் வகுப்பது
என்று எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை சுமத்ராக் காற்று.
துவாஸ் பக்கம் வானம் தோசைக்கல் கறுப்பு.
முதல் பத்து நிமிடத்தில்
தீவு விரைவுச்சாலை மொத்தமும்
என்னைப்போல ஓட்டத் தொடங்கிவிட்டது!
டாக்சிக்காரர்கள், சிமெண்ட் கலவை வண்டி,
வெள்ளி நிற பிஎம்டபிள்யூகூட
முன்னால் மூன்று வண்டி இடம் விட்டுப் போகிறது.
எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.
இத்தனை நாள் என் வித்தை என்று நினைத்திருந்தேன்.

லாரியும் வந்தது, ஹாரன் இல்லாமல்.
நீலக் கேன்வாஸ் மூன்று பக்கமும் இறங்கியிருக்க
பின்பக்கம் மட்டும் திறந்திருந்தது.
சிவப்பு விழுவதற்கு வெகுமுன்பே
அது வேகத்தை விட்டுவிட்டது.
யாரும் சாயவில்லை.
ஓரத்தில் இருந்தவன்
அடுத்தவன் தோளில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.
பச்சை வந்து, லாரி கிளம்பியும்
அந்தத் தலை அங்கேயே இருந்தது.
வைப்பரை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டே போனேன்.

சாயங்காலம் பம்பில்
முதல் ‘டக்’ சத்தத்தோடு போதும் என்றேன்.
“வெள்ளியை முழுசாக்கட்டுமா?” என்றார் ஊற்றியவர்.
வேண்டாம்.
நானூற்று நாற்பத்திரண்டு கிலோமீட்டர்,
முப்பத்தொன்று புள்ளி நான்கு லிட்டர்.
பதினான்கு புள்ளி பூஜ்யம் எட்டு.

படம் எடுத்துக் குணாளனுக்கு அனுப்பினேன்.
கைதட்டும் பொம்மை ஒன்று வந்தது.
எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன இடத்தில்
‘மழை’ என்று எழுதி,
கொஞ்சம் யோசித்து
‘லாரி மெதுவாகப் போனது’ என்றும் எழுதினேன்.

நாளைக்கு வெயிலாம்.