இரண்டு சுற்று

மொரிஸ் மைனர், ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பது.
எஞ்சின் இப்போது சாக்கு விரித்த தரையில் இருக்கிறது.
கழற்றிய போல்ட்டுகள் பதினொரு ஜாம் போத்தல்களில்.
ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து:
'தண்ணீர்ப் பம்பு', 'கியர்பெட்டி கீழே', 'முன் மட்கார்ட்',
ஒன்றில் மட்டும் 'தெரியாது'.
அதுதான் முதலில் நிரம்பியது.

பண்டாரவளையில் மழை சாய்ந்துதான் பெய்யும்.
சனிக்கிழமை, குடை இருந்தும் நனைந்து
ஃபாஹிமாவின் ஹாட்வெயாரில் ஏறினேன்.
கண்ணாடிப் பலகையில் ஒன்றை வைத்தேன்.
"எட்டு மில்லிமீட்டர்" என்றாள், தொடாமலே.
"தலையைப் பார்."
பதின்மூன்றாம் நம்பர்ச் சாவி நுழையவில்லை,
பதினான்கு வழுக்கியது.

உடம்பு மில்லிமீட்டர், தலை அங்குலம்.
எஞ்சின் செய்த யந்திரங்கள் பிரான்ஸிலிருந்து வந்தவையாம்,
சாவி மட்டும் இங்கிலாந்துப் பட்டறையில் தொங்கியதாம்.
இரண்டையும் ஒரே இரும்பில் சமாதானம் செய்திருக்கிறார்கள்.
ஃபாஹிமா சிரித்தாள்:
"எங்கட வீட்டுக் கல்யாணம் மாதிரி."

அங்குலத்தைப் பதினாறாய் வெட்டி ஐந்து எடுத்தால்
எட்டு மில்லிமீட்டருக்கு ஒரு தலைமயிர் குறைவு.
அந்த மயிரில்தான் எல்லாம் கெடுகிறது.
முதல் சுற்று, சொந்த வீட்டுக்குள் போவதுபோல.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவதில் விரல் கேட்கும் ஒரு மறுப்பு.
அங்கே நிறுத்த வேண்டும்.
சாவியைப் போட்டு முறுக்கியவர்கள்
இந்தக் காருக்குள் ஒன்பது இடத்தில் இருக்கிறார்கள்.

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பவள்.
'ஏசினான்' என்றாள் போன மாதம் ஒருத்தி.
சிங்களத்தில் 'மிரட்டினான்' என்று வாய்வரை வந்தது,
இரண்டு சுற்று உள்ளேயும் போய்விட்டது.
பின்னோக்கித் திருப்பி எடுத்தேன்.
கூண்டில் நின்றவனுக்கு அது தெரியாது.

ஃபாஹிமா மினுங்கும் ஒன்றை நீட்டினாள்,
கறலே பிடிக்காது என்று.
நம்பர் தட்டுக்கு நான்கு வாங்கினேன்.
ஸ்டியரிங்குக்கு வேண்டாம்.
எல்ல இறக்கத்தில் மினுக்கம் எதையும் பிடித்து வைக்காது.
தலையில் எட்டு புள்ளி எட்டு பொறித்த கறுப்பன்தான் வேண்டும்,
பல்லுள்ள வாஷரோடு.
கணக்கு மூவாயிரத்து நானூற்றைம்பது ரூபா.
ஐம்பதைத் தள்ளிவிட்டாள்.

எஞ்சின் தாங்கியில், இடப்பக்கம்,
ஒன்று யாருடையதும் அல்ல.
தடித்தது, புரி கரடுமுரடு.
தேயிலை ரோலரிலிருந்து பிடுங்கியது என்று
லேத் பட்டறை விமலசேன சத்தியம் செய்கிறான்.
அதற்காக ஓட்டையையே பெருப்பித்து ஏற்றியிருக்கிறார்கள்.
எந்த வளைவில், எந்த மழையில்,
எவன் அவன் என்று
இரண்டு மொழியிலும் ஏசினேன்.
பிறகு அசைத்துப் பார்த்தேன்.
அசையவில்லை.
மற்றவை எல்லாம் ஆடின.

"புஷ் போட்டு ஓட்டையைச் சின்னதாக்கலாம்,
பழைய அளவே வரும்" என்றான் விமலசேன.
யோசித்துச் சொல்கிறேன் என்று
மூன்று நாள் போக்கினேன்.

புதன்கிழமை ஒரு காணி வழக்கு.
சாட்சிக்காரர் 'கங்காணி' என்றார்.
அந்தச் சொல்லை நான் பெயர்ப்பதில்லை.
அப்படியே கொடுத்தேன், அப்படியே எழுதினார்கள்.
அது எப்போதோ அந்தப் பக்கத்திலும்
தன் ஓட்டையைத் தானே பெருப்பித்துக்கொண்ட சொல்.

மாலையில் ரோலர்காரனை மண்ணெண்ணெயில் கழுவினேன்.
புரியில் எங்கும் வெடிப்பில்லை.
கிரீஸ் தடவி, கையாலேயே
அது வந்த ஓட்டைக்குள் விட்டேன்.
மூன்று, நான்கு, ஐந்து, போய்க்கொண்டே இருந்தது.

பேனாவை எடுத்து ஒரு புதுப் போத்தலில்
'ரோலர்' என்று எழுதினேன். உள்ளே போட ஒன்றுமில்லை.
'தெரியாது' போத்தலில்
இன்னும் நாற்பத்திரண்டு.