சதுர அலை

காஸ்த்ரோ துறைமுகத்துக்குப் பின்னால்
ஓயார்சோவின் கடை.
சிலோயேவின் மழையில் படகு ஒன்றரை மணி நேரம்.
என் பையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு,
பழைய ரேடியோ,
தம்பி ரோசமெல் இரவில் முகத்தில் மாட்டிக்கொள்ளும்
மூச்சு இயந்திரம்.

நோட்டில் வீட்டையே எழுதி வைத்திருந்தேன்.
மீன் வைக்கும் ஃப்ரீசர் நூற்றிருபது வாட்,
விளக்கு ஐந்து,
கிணற்றுப் பம்பு எழுநூற்றைம்பது
(கிளம்பும் நொடியில் நாலு மடங்கு கேட்பான், திருடன்).
கடைசியில்
பெரிய எழுத்தில், என் கையெழுத்து இல்லை:
வெல்டிங் மெஷின்.
தம்பி மகன் நிக்கானோர்
கடை வாசலில் புகைத்துக்கொண்டிருந்தான்.

ஓயார்சோ முதலில் காட்டியது மலிவு.
மூவாயிரம் வாட் என்று தங்க எழுத்து.
தூக்கினால் ரொட்டி மாதிரி லேசு.
"அலை எப்படி?" என்றேன்.
பில்லின் பின்பக்கம் வரைந்தார்:
ஏறி, நின்று, இறங்கி, நின்று,
ஒரு படிக்கட்டு.
பக்கத்தில் இன்னொன்று,
உருண்டு எழுந்து உருண்டு விழுவது.
விலை இரண்டரை மடங்கு.
"விளக்குக்கு வித்தியாசம் தெரியாது, சென்யோரா."

விளக்குக்குத் தெரியாது.
நாற்பது வருடம் இந்தக் கடலில் துடுப்புப் போட்டவள் நான்,
சதுரமாய் ஓர் அலையைக் கண்டதில்லை.
ரேடியோவை மாட்டச் சொன்னேன்.
செய்தி வாசிப்பவள் குரலுக்கு அடியில்
ஒரு வண்டு வந்து குடியேறியது.
மூச்சு இயந்திரத்தை மாட்டினோம்.
அதன் அடாப்டர் பத்து நிமிடத்தில்
தேநீர்க் குவளையாய்ச் சுட்டது.
ஓயார்சோ அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு
விரலைச் சட்டையில் துடைத்தார்,
ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல.

அப்போதுதான் நிக்கானோர் உள்ளே வந்தான்.
நேராக ஐயாயிரம் வாட்டிடம் போனான்.
நல்ல அலை. வெல்டிங் தாங்கும்.
பச்சைத் திரையில் எண்கள் நீந்தின.
எனக்கும் பிடித்தது, பொய் சொல்லமாட்டேன்.
"நாங்கள் தூங்கும்போது இது என்ன சாப்பிடும்?"

யாரும் கேட்காத கேள்வி போலிருக்கிறது.
ஓயார்சோ கண்ணாடி தேடினார்,
கையேட்டைப் புரட்டினார்,
கடைசிக்கு முந்தைய பக்கத்தில், பொடி எழுத்தில்:
அறுபது வாட்.
ஒன்றுமே ஓடாதபோதும்.
பென்சில் வாங்கிப் பெருக்கினேன்.
இருபத்துநாலு மணிக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது.
எங்கள் ஜூன் மாதத்து மேகத்தில்
கூரையின் நாலு பலகையையும்
நாளெல்லாம் கறந்தால் கிடைப்பதே அவ்வளவு.
சும்மா இருப்பவனுக்கு ஆக்கிப் போட்டே
பானை காலி.

"அதற்கு உறங்கும் வசதி உண்டு" என்றார்.
ரோசமெல் இரவு முழுக்க மூச்சு விடுவானே,
அது எப்போது உறங்கும்?

மூலையில் தூசி பிடித்து ஒன்று இருந்தது.
இரண்டாயிரம் வாட். திரை இல்லை.
எங்கள் பாட்டரிக்கு ஏற்ற இருபத்துநாலு வோல்ட்.
சும்மா நிற்கப் பதினெட்டு வாட் போதும்,
பம்பு உதைக்கும் நொடிக்கு ஆறாயிரம் வரை தாங்கும்.
தூக்கப் போனேன், அசையவில்லை.
உள்ளே அத்தனையும் செம்பு.
விலை,
இந்தப் பருவத்துப் பூண்டு மொத்தமும்.

"வெல்டிங்?" என்றான் நிக்கானோர்.
வருஷத்தில் இரண்டு நாள் வெல்டிங்.
அதற்காக மற்ற நாளெல்லாம்
வீடு பட்டினி கிடக்குமா?
அந்த இரண்டு நாள் ஆரோல்டோவின் ஜெனரேட்டரைக் கேள்.
அவன் பேசவில்லை. படகிலும் பேசவில்லை.
ஆனால் மழை படாமல் பெட்டியை
தன் கோட்டால் மூடி
மடியில் வைத்துக்கொண்டு வந்தான்,
இருபத்திரண்டு கிலோவையும்.

மறுநாள் சாயங்காலம் பம்பைப் போட்டோம்.
விளக்கு ஒரு கண் சிமிட்டி
நிமிர்ந்தது.
வாளியில் தண்ணீர் விழுந்தது.
ரேடியோவில் வண்டு இல்லை,
உருளைக்கிழங்கு விலை மட்டும்,
அது எப்போதும்போல் மோசம்.

நோட்டில் அந்த வரியை நான் அடிக்கவில்லை.
பக்கத்தில் சிறிதாக எழுதினேன்:
ஆரோல்டோ, இரண்டு நாள்.
இன்று பார்த்தால்
அதை மூன்று என்று யாரோ
திருத்தியிருக்கிறார்கள்.