வெறுங்காணி

டிப்போச் சந்தி. மத்தியானம் ஒன்று இருபது.
காப்பற் வீதிக்கு மேலே, நெஞ்சுயரத்தில்
நாற்பத்தொன்று தசம் இரண்டு.
புதுக் கடைத்தொகுதியின் தகர நிழலில் நாற்பது.
ஓட்டோத் தரிப்பிடத்தில் கேதீஸ்
"எங்களுக்கும் காய்ச்சல் பாக்கிறியளோ, மிஸ்?" என்றார்.
அவருடைய முப்பத்தொன்பது தசம் ஏழையும்
படிவத்தில் எழுதினேன்.

பிறகு, சந்தைக்குப் பின்னால்
மண்டையோட்டுச் சிவப்புப் பலகை
பதினொரு வருசம் காவல் நின்ற காணி.
இரண்டு ஏக்கர்.
ஒருவரும் கால் வைக்கவில்லை;
அதனால் ஒருவரும் வெட்டவுமில்லை.
வீரை வந்தது. பாலை வந்தது.
நாவல் விதையோடு குருவிகள் இறங்கி ஏறின,
மிதிவெடிக்குக் காணாத பாரம்.

முப்பத்தைந்து தசம் ஒன்று.
வெப்பமானி பழுதாக்குமென்று
மூன்று தரம் அளந்தேன்.

(உள்ளே நின்று அளக்கலாம் இப்போது.
தையில் வெடி அகற்றிச் சான்றிதழ் தந்துவிட்டார்கள்.
அன்றைக்கே வரைபடத்தில் அது
'வெறுங்காணி' ஆயிற்று.)

சபைக் கூட்டத்தில் வாகனத் தரிப்பிடம் என்றார்கள்.
இன்டர்லொக் கல் பதித்து, நாலு பக்கமும் விளக்கு.
நான் எண்களை வாசித்தேன்.
"ஆறு பாகைக்கு மாதம் என்ன வாடகை வரும்?"
பகிடியில்லை, உண்மையாகவே கேட்டார் ஓர் உறுப்பினர்.
மார்கழியில் ஒரே இரவு மழைக்கு
சந்தையின் வெங்காய மூட்டைகள் மிதந்ததையும்
வெள்ளவாய்க்கால் கக்கிய தண்ணீரை
அந்தக் காடு விடிவதற்குள் குடித்ததையும் சொன்னேன்.
"அது சின்ன மழை, பிள்ளை."
தேநீர் வந்தது.

களஞ்சிய அறையில், தும்புத்தடிகளுக்குப் பின்னால்,
கழற்றிய பலகை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.
தூக்கிப் பார்த்தேன். பாரமில்லை.
இரவில் ஒரு ஆள், ஒரு சுத்தியல், இரண்டு ஆணி...

கேதீசிடம்தான் வாய்விட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
"அதை மட்டும் செய்யாதேங்கோ, மிஸ்.
பொய்ப்பலகை ஒண்டு நிண்டால்
மெய்ப்பலகையை ஆர் நம்புவினம்?"

ஓட்டோவை நிறுத்திவிட்டு என்னோடு வந்தார்.
பாலையடியில் இருந்து,
காற்சட்டையைச் சுருட்டி, வார் அவிழ்த்து,
வலது காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.
"வெய்யிலுக்கு இது உள்ளுக்குள்ள அவிக்கும்."
மிச்சக் காலின் முனையில் வேர்க்குரு சிவந்திருந்தது.
சோளகம் இலைகளுக்குள் புகுந்து
வேறு காற்றாகி வந்து அதில் பட்டது.
அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

படிவத்தின் கடைசிக் கட்டம்:
பயனாளிகள் தொகை.
ஒருவர் என்று எழுதினேன்.
பிறகு, நானும் இருந்ததால்,
வெட்டி
இரண்டு என்று திருத்தினேன்.