சந்தேகம் மட்டும்

பக்கத்துக்குப் பதினெட்டு என்றார் துளசிமணி.
பன்னிரண்டுக்கு வருமா என்றேன்,
நூல் கடையில் பேரம் பேசிப் பேசி ஊறிய வாய்.
போனில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
பிறகு,
"பன்னெண்டுக்கும் பாக்கலாமுங்.
பன்னெண்டு ரூவாய்க்கு எத்தன தப்பு கண்ணுல படுமோ
அத்தனதான் படுமுங்."
பதினெட்டுக்கே முடித்தோம்.

இருநூற்று நாற்பது பக்கம்.
பனியன் கம்பெனி பற்றிய நாவல்.
நூல் விலை ஏறி ஆர்டர் நின்ற வருசத்தில்
ராத்திரி ராத்திரியாய் டெலிவரி சலானின் முதுகில் எழுதியது.
எழுதின கண்ணுக்குப் பிழை தெரியாதுங்க,
பெருமாநல்லூரில் ஒருத்தர் இருக்கிறார் என்று
ஈரோட்டு அச்சகக்காரர் நம்பர் கொடுத்தார்.

திரையில் பார்க்கமாட்டாராம். காகிதம் வேண்டும்.
திருப்பூரிலிருந்து நம்பியூர் போகிற பஸ்ஸில்
டிரைவர் சீட்டுக்குப் பின்னால்
கட்டைப்பையில் உட்கார்ந்து போனது நாவல்.
பகலில் அவர் ஒரு கம்பெனியில் செக்கிங்.
ராத்திரி ஒன்பதுக்கு மேல் என் பக்கங்கள்.

முதல் கட்டு திரும்பி வந்தது.
சிவப்பு மையைத் தேடினேன், இல்லை.
ஆரஞ்சு அம்புகள்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்
தெரிகிற இடத்தில் பீஸின் மேல் ஒட்டுவோமே,
அதே ஸ்டிக்கர்.
பக்கத்தில் பென்சிலில் பொடி எழுத்து.

கருப்புத் துணியில் ஒற்றைத் தின்றிருக்கிறேன்.
முயற்சியில் ஒரு ச் கூடுதலாகப் போட்டிருக்கிறேன்.
பன்னிரண்டாம் பக்கத்து இடதுகை சூப்பர்வைசர்
தொண்ணூறில் வலது கையால் அறைகிறான்.
ஓவர்லாக் மிஷினில் பட்டன் வைக்க முடியாது.
(இதுவாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
பத்தொன்பது வருசமாய்க் கம்பெனி நடத்துகிறேன்.)

வாரனுங், சொன்னனுங் என்று நான் எழுதியதையெல்லாம்
டைப் அடித்த பையன் 'ங்க' ஆக்கி நீட்டியிருந்தான்.
துளசிமணி வாலை வெட்டி
ங்-இலேயே நிறுத்தியிருந்தார்.

நூற்று முப்பத்து மூன்றாம் பக்கம்.
ஒரே பக்கத்தில் ஏழு அம்பு.
முதலாளி, செக்கிங் பெண்ணிடம் பேசுகிற இடம்.
உக்காருங்க. சாப்பிட்டீங்களா.
நாளைக்கு லீவு போட்டுக்கங்க.
ஓரத்தில்:
எழுத்துப்பிழை எதுவும் இல்லை.
இந்த 'ங்க'தான் உறுத்துகிறது.
இருபத்திரண்டு வருடம், ஐந்து கம்பெனி,
நான் கேட்டதில்லை.
சந்தேகம் மட்டும்.

போன் போட்டேன்.
அவர் நல்ல முதலாளிங்க, கதையில் என்றேன்.
"இருக்கட்டுமுங்.
நல்ல மொதலாளிக அட்வான்ஸ் குடுப்பாங்க,
ஆசுபத்திரிக்குக் கார் அனுப்புவாங்க.
ங்க குடுத்து நான் பாக்குலீங்."

அப்ப வெட்டிரட்டுங்களா?

"அது உங்க புத்தகமுங்.
அம்பு ஒட்டறதோட என் வேல முடிஞ்சுது.
பீஸத் தள்ளறதா வெச்சுக்கறதான்னு
நீங்க பாத்துக்கங்க."

பில் வந்தது. நாலாயிரத்து முந்நூற்று இரண்டு.
பதினெட்டு ரூபாய் குறைகிறதே என்றேன்.
"நூத்தி முப்பத்து மூணுல
நான் தப்பு எதும் கண்டுபுடிக்குலீங்.
சந்தேகத்துக்குக் காசு வாங்கறதில்ல."

அன்று ராத்திரி அந்தப் பக்கத்தை
ஒன்பது தடவை படித்தேன்.
ஓர் அம்பை உரித்தேன், திரும்ப ஒட்டினேன்,
இன்னொன்றை உரித்தேன்.
எது எங்கே இருந்தது என்பது குழம்பிப்போய்
விளக்கை அணைத்தேன்.

காலையில் கம்பெனிக்குள் நுழைந்ததும்
செக்கிங் மேசையில் ஒரு சிரிப்பு ஓடி அடங்கியது.
பழனாத்தாள்தான் சொன்னாள்,
கையிலிருந்த பீஸை வைக்காமல்:
"உங்க முழங்கைல டேமேஜ் ஸ்டிக்கருங்."

திருப்பிப் பார்த்தேன், எட்டவில்லை.
"எடுத்துடு" என்றேன்.
கொஞ்சம் தாமதமாக,
எனக்கே சரியாகக் கேட்காமல்,
"எடுத்துடுங்க" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்,
பின்னால் யார் நிற்கிறார்கள் என்று.