கோபி என்று பெயர்

மகனுக்கு மஞ்சக்காமாலை வந்து போனபிறகு
ஆறு மாதத்துக்கு வெளிச்சாப்பாடு கிடையாது.
டாக்டர் எழுதிய சீட்டை
முப்பிடாதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டாள்.
அவனோ வண்ணார்பேட்டைத் தள்ளுவண்டியின்
சில்லி சிக்கனைத் தூக்கத்தில் கேட்கிறான்.

வீட்டில் செய்யலாம்தான்.
ஆனால் இது பெருமாள்புரத்தில்
பிரமநாயகம் சார் வீட்டு மாடி.
'சைவத்துக்கு மட்டும்' என்று பலகை தொங்கியது.
அட்வான்ஸ் கொடுத்த அன்று
"முட்டைகூடத் தொடமாட்டோம்" என்றவன் நான்.
அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேலப்பாளையத்தில் எலும்பில்லாமல் அரைக்கிலோ.
எலும்பு கிடந்தால் குப்பை பேசிவிடும்.
அல்வாக் கடைப் பைக்குள் ஒளித்து
படியேறும்போது கீழேயிருந்து குரல்:
"என்ன தம்பி, இனிப்பா?"
"ஆமா சார், பையன் பாஸாயிட்டான்."
ஜூலை மாதத்தில்.

முட்டை வெள்ளைக்கரு, சோள மாவு,
இஞ்சி, பூண்டு,
நிறத்துக்குக் காஷ்மீர் மிளகாய்த்தூள் போதும்.
பிசைந்து ஊறவைத்த அரைமணி நேரம்
டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு
யாரும் எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

ஒருமுறை பொரித்து, ஆறவிட்டு,
மறுபடி பொரிக்க வேண்டும்.
முதல் பொரிப்பில் அது
கோழிதான்,
தெருமுனை வரைக்கும் கோழி.
அவள் ஜன்னலைச் சாத்தினாள்.
சோயா சாஸ் விழுந்து
வினிகர் குபீரென்று கிளம்பிய பிறகுதான்
வாசம் பேரை மாற்றிக்கொண்டது.
குடைமிளகாய், வெங்காயத்தாள்,
ஒரு கரண்டி கரைத்த சோள மாவு.
வண்டி அடுப்பின் சீற்றம் எங்கள் அடுப்புக்கு இல்லை.
தீ ஒருதரமாவது வாணலிக்குள் எட்டிப் பார்க்கணுமே,
இல்லை.
மகன் மட்டும் கரண்டியை எடுத்து
வாணலி விளிம்பில் டண் டண் டடண் என்று
அந்த மாஸ்டர் மாதிரியே தட்டினான்.

"ஏல, சும்மா இரு!"

அதற்குள் கதவு தட்டியது.

பனியனோடு பிரமநாயகம் சார்.
கையில் மோட்டார் ரூம் சாவி.
மூக்கு எங்களைத் தாண்டி உள்ளே போயிருந்தது.
"என்னது, கோபி மஞ்சூரியனா?"
மூன்று பேரும் ஒரே குரலில் "ஆமா."
"ஒரு கல்யாண வீட்டுல ஒருக்க தின்னது.
கிண்ணத்துல கொஞ்சம் குடுங்களேன்.
கீழ அவ தூங்கிட்டா."

சட்டியில் இருப்பதில் ஒரு கரண்டி எடுத்தால்
முடிந்தது சோலி, அவருக்குத் தெரியவா போகிறது?
நான் கிண்ணத்தைத் தேடினேன்.
முப்பிடாதி என் கையைப் பிடித்தாள்.
பொய் சொன்னது நம்ம வாய்,
தின்னப்போறது அவர் வாய் என்றாள், மெதுவாக.
"அடுத்த ஈடு போட்டுட்டு இருக்கேன் சார்,
சூடா வரும்."

பைக்கை எடுத்துக்கொண்டு
காலிஃபிளவருக்குப் பறந்தேன்.
கல்யாணத்துக்கு வந்த வாணலி
ஸ்டிக்கர் பிரிக்காமல் பரணில் இருந்தது.
புது எண்ணெய். முட்டை படாத மாவு.
வேறு கரண்டி.
முக்கால் மணி நேரம்.

எங்கள் சிக்கன் அதற்குள்
மூடிவைத்த இடத்திலேயே வேர்த்து, நமுத்து,
பார்சல் பிரிக்கும் பதத்துக்கு வந்திருந்தது.
ஒரு துண்டை வாயில் போட்ட மகன்
"இதேதான்ப்பா, இதேதான்!" என்று கத்தப்போய்
வாயைப் பொத்திக்கொண்டான்.

மறுநாள் கிண்ணம் வந்தது,
கழுவி,
உள்ளே நாலு எலுமிச்சம்பழம்.
"நல்லாத்தான் இருந்துச்சி" என்றார்.
இரண்டு படி இறங்கி, நின்று,
திரும்பாமலே சொன்னார்:
"ஆனா முந்தி ஒரு வாசம் வந்துச்சே தம்பி,
அது இதுல இல்ல."