பதினான்காம் நூற்றாண்டில் ஒரு நீலக் குடம்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டி போய் முடிகிறவரை
ஷேக் மீரான் பாய் கடையில்
பரோட்டா பார்சலுக்கு நின்றோம்.
டிவியில் வரலாறு ஓடிக்கொண்டிருந்தது.

ஒட்டுத்தாடி வைத்த ஒருவன், கையில் தீப்பந்தம்.
போன வாரமும் அவனேதான், வேறு பேரில்.
தாடியைக்கூட மாற்றவில்லை.
மூன்றே குதிரையை
நகலெடுத்து நகலெடுத்து ஒரு படை.
கனத்த குரல் சொன்னது:
"அன்று அவர்கள் மூட்டிய நெருப்பு..."

எனக்குத் தெரிந்த நெருப்பு அது.
எனக்குப் பதினோரு வயதில்
தண்டவாளத்தோரம் எங்கள் வரிசை எரிந்தபோது
எவனோ மேம்பாலத்தில் நின்று எடுத்தது.
வெட்டியவன் கவனிக்காத இடது மூலையில்
எங்கம்மாவின் நீலப் பிளாஸ்டிக் குடம்
உருகி, ஒருக்களித்து,
பதினான்காம் நூற்றாண்டுக்குள் சாய்கிறது.

"குடம்! அந்தக் குடம்!" கத்திவிட்டேன்.
பக்கத்தில் டெல்லிபாபு அண்ணன்
கண்ணை எடுக்காமல் சொன்னார்:
"பாத்தியா, எப்டி கொளுத்தியிருக்கானுங்க."

அவர் வீடும் அதில்தான் எரிந்தது.

பாய் ரிமோட்டைத் தேடவில்லை.
மாவைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தார்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாக.

சால்னாவைக் கட்டித் தரும்போதுதான் கேட்டார்,
எங்கள் இருவரையும் பார்க்காமல்:
"அது எப்டி புடிச்சுது,
கடைசி வரைக்கும் கண்டுபுடிச்சாங்களா?"

"மின்கசிவுன்னு எழுதிட்டாங்க பாய்."

"கரண்டே இல்லியே அங்க" என்றார்
டெல்லிபாபு அண்ணன், மெதுவாக.

கேட் திறந்தது.
யாரும் உடனே நகரவில்லை.